ஏஐ படக் கருவி உங்கள் பிராம்ப்டை மறுக்கிறதா? முதலில் எந்த வாசல் மூடியது என்று பாருங்கள்

முதலுதவிப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குச் சுவரொட்டி தயாரிக்க ஒருமுறை உட்கார்ந்தேன். நான் கேட்டது எளிய படம்தான். விளையாடும்போது கீழே விழுந்து முழங்காலில் ரத்தம் வழியும் ஒரு சிறுவன், அவனுக்குக் கட்டுப் போடும் ஒரு பெண். கருவி மறுத்துவிட்டது. எந்தச் சொல் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. உள்ளடக்க விதிகளுக்கு இது பொருந்தாது என்று ஒரே ஒரு வரி. வார்த்தைகளை மாற்றி மாற்றி ஏழெட்டு முறை அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் அதே வரி. கடைசியில், இப்படியே தொடர்ந்தால் கணக்கு முடக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது.

நல்ல காரியத்துக்குப் படம் கேட்டவருக்கு இப்படி நடந்தால் மனசு சோர்ந்துபோகும். புதிதாக இந்தக் கருவிகளைத் தொடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் 'இது நமக்குச் சரிப்படாது' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் அன்று செய்த தவறு, எங்கே தடுக்கப்பட்டது என்று பார்க்காமலேயே சொற்களை மாற்றிக்கொண்டிருந்தது. இடம் தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

நாம் எழுதியது எந்தெந்த வாசல்களைத் தாண்டுகிறது

பிராம்ப்ட் என்பது கருவிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விவரிப்பு. அது நேராகப் படமாகிவிடுவதில்லை. இடையில் சில சோதனைகள் இருக்கின்றன. எல்லாக் கருவியிலும் எல்லாச் சோதனையும் இருக்காது. ஆனால் வகைகள் இவைதான்.

முதலாவது, தடைச் சொற்பட்டியல். பட்டியலில் உள்ள ஒரு சொல் கண்ணில் பட்டால் உடனே நிறுத்திவிடும். முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. இந்த முறையின் குறை ரொம்பப் பழையது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் நகர மக்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது. அந்த ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். இன்றும் அதே மாதிரிப் பிழைகள் நடக்கின்றன.

இரண்டாவது, முழு வாக்கியத்தையும் படித்துப் பொருள் பார்க்கும் ஃபில்டர், அதாவது வடிகட்டி. மிட்ஜர்னி என்ற படக் கருவி தொடக்கத்தில் சொற்பட்டியலை நம்பியிருந்தது. 2023இல் வாக்கியத்தின் போக்கைப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் அஷூர் என்ற கிளவுட் சேவையில் உள்ள ஃபில்டர் வெறுப்பு, பாலியல், வன்முறை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது என்று 4 பிரிவுகளில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கடுமை என்று ஒரு மட்டம் குறிக்கிறது. இப்படிப்பட்ட ஃபில்டர்களில் தனியாகப் பார்த்தால் குற்றமில்லாத இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் போதும், மட்டம் ஏறிவிடும். 'சிறுவன்' தனியாக வந்தால் சிக்கலில்லை. 'ரத்தம்' தனியாக வந்தாலும் பல இடங்களில் கடந்துபோகும். இரண்டும் ஒரே வரியில் வரும்போதுதான் என் சுவரொட்டி மாட்டிக்கொண்டது.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் டால்-இ 3 போன்ற படக் கருவிகள் நாம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தைக் கையாளும் ஏஐயான ஒரு மொழி மாடல் அதை விரித்து, விவரம் சேர்த்து, திரும்ப எழுதுகிறது. அப்படி எழுதும்போது நாம் சொல்லாத ஒரு விவரம் உள்ளே நுழைந்து, அதனால் அடுத்த வாசலில் தடுக்கப்படலாம்.

நான்காவது, மாடலின், அதாவது படத்தை வரையும் ஏஐயின் பயிற்சி. 2022 நவம்பரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2.0 என்ற பட மாடல், ஆபாசப் படங்களை வடிகட்டி நீக்கிய தொகுப்பில் பயிற்சி பெற்றது. இந்த மாதிரி இடங்களில் மறுப்புச் செய்தி எதுவும் வராது. மாடலுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ வரைந்து கொடுக்கும்.

ஐந்தாவது, வரைந்து முடித்த படத்தைச் சோதிப்பது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளோடு வந்த சோதனை நிரல், படம் தடைசெய்யப்பட்ட கருத்துகளுக்கு நெருக்கமாக இருந்தால் முழுக் கறுப்புச் சதுரத்தைத் தந்துவிடும். நம் எழுத்தில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

முதல் படி: மறுப்பு எப்போது, எந்த வடிவில் வந்தது?

பொத்தானை அழுத்திய கணத்திலேயே மறுப்பு வந்தால், தடுத்தது எழுத்தைப் பார்க்கும் ஃபில்டர். படம் உருவாகிக்கொண்டிருந்து, பத்து இருபது விநாடி கழித்து மறுப்பு வந்தால், பெரும்பாலும் வரைந்த படத்தைப் பார்த்த சோதனை. நான்கு படம் கேட்டு இரண்டுதான் வந்தது என்றாலும், கறுப்பாகவோ மங்கலாகவோ வந்தது என்றாலும் அதே சோதனைதான். எந்த மறுப்பும் இல்லாமல் சம்பந்தமில்லாத படம் வந்தால், மாடலின் பயிற்சியையோ திரும்ப எழுதிய பிராம்ப்டையோ சந்தேகிக்கலாம். திரும்ப எழுதியதைக் காட்டும் வசதி கருவியில் இருந்தால் அதைத் திறந்து படித்துவிடுங்கள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? படச் சோதனையில் தடுக்கப்பட்டது என்றால், அதே பிராம்ப்டை இன்னொரு முறை அனுப்பிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஒவ்வொரு முறையும் மாடல் வேறு ஒரு தற்செயல் எண்ணிலிருந்து தொடங்குவதால் படமும் வேறாக வரும், சோதனையைக் கடந்தும் விடலாம். எழுத்து ஃபில்டர் தடுத்திருந்தால் அதையே திரும்ப அனுப்புவது வீண். அதைவிட மோசமாக, சில கருவிகள் மறுப்புகளைக் கணக்கு வைக்கின்றன. எனக்கு வந்த எச்சரிக்கை அப்படி வந்ததுதான்.

இரண்டாம் படி: பாதுகாப்பான பகுதியிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்

நீண்ட பிராம்ப்டில் எந்தத் துண்டு மாட்டுகிறது என்று கண்டுபிடிக்க, சந்தேகமே இல்லாத பகுதியை மட்டும் முதலில் அனுப்புங்கள். இடம், வெளிச்சம், ஓவிய முறை. அது கடந்தால் ஆட்களைச் சேருங்கள். அடுத்து உடை. அப்புறம் செயல். ஒரு முறைக்கு ஒன்று. எங்கே நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். பிராம்ப்டைத் தலைகீழாகப் புரட்டிப் போடுவதைவிட இது நிதானமான வழி, மறுப்பின் எண்ணிக்கையும் குறையும்.

மூன்றாம் படி: இரண்டு பொருள் தரும் சொற்களை மாற்றுங்கள்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 'ஷூட்', 'ஹெட்ஷாட்', 'பிளட் மூன்' என்று சாதாரணமாக எழுதிவிடுவார்கள். முதல் இரண்டும் புகைப்படக்காரர்களின் அன்றாடச் சொற்கள், ஆனால் துப்பாக்கியையும் நினைவூட்டும். மூன்றாவது சந்திர கிரகணத்தில் தெரியும் செந்நிலா, ஆனால் அதன் ஆங்கிலப் பெயரில் ரத்தம் இருக்கிறது. 'தோள் முதல் தலை வரை தெரியும் உருவப்படம்' என்றோ 'செம்பு நிற முழுநிலா' என்றோ எழுதினால் குழப்பமும் இல்லை, படமும் துல்லியமாக வரும்.

தமிழிலேயே பிராம்ப்ட் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். 'சுடு' என்ற ஒரே சொல் ரொட்டிக்கும் துப்பாக்கிக்கும் பொது. 'அடி' பந்துக்கும் ஆளுக்கும் பொது. 'வெட்டு' முடி, மரம், கழுத்து எல்லாவற்றுக்கும் வரும். சாட் வடிவக் கருவிகளில் நம் தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறித்தான் படம் வரையும் மாடலிடம் போகிறது. அந்த மாற்றத்தில் 'பந்தை அடிக்கும் சிறுமி' எப்படிப் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. 'மட்டையால் பந்தைத் தட்டி விளையாடும் சிறுமி' என்று விரித்து எழுதினால் அது தடம் மாற வாய்ப்புக் குறைவு.

நான்காம் படி: நடந்ததைச் சொல்லாதீர்கள், கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்

எனக்கு அதிகம் பலன் கொடுத்தது இந்த ஒரு பழக்கம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதை எழுதும் பழக்கம் உள்ளவர்கள் நிகழ்வை எழுதுவார்கள்: 'போர்க்களத்தில் வெட்டுப்பட்டு ரத்த வெள்ளத்தில் கிடக்கும் வீரர்கள்.' ஃபில்டருக்கு இதில் தெரிவது வெட்டு, ரத்தம், பிணம் மட்டும். வரலாற்றுக் கட்டுரைக்கான படம் என்பது அதற்குத் தெரியாது. அதே காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்:

'போர் ஓய்ந்த மாலை. புகை படிந்த சமவெளி. சேற்றில் பாதி புதைந்த கேடயம், முறிந்த ஈட்டி. ஆளில்லாமல் தனியாக நிற்கும் குதிரை. தூரத்தில் தலை குனிந்து நடந்து போகும் ஒரு வீரன். செம்மை படர்ந்த வானம். எண்ணெய் வண்ண ஓவியம்.'

இது கடந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது ஒரு பக்கம். முதல் வாக்கியம் தரும் படத்தைவிட இது நல்ல படம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தத் தனிக் குதிரை சொல்லும் இழப்பைப் பத்துப் பிணங்கள் சொல்லாது. தடை வந்ததால் கட்டாயத்தில் யோசித்து, முன்பு நினைத்ததைவிட நல்ல காட்சிக்கு வந்து சேர்ந்த அனுபவம் எனக்குப் பல முறை உண்டு.

என் முதலுதவிச் சுவரொட்டியும் இப்படித்தான் முடிந்தது. 'பூங்கா பெஞ்சில் அமர்ந்திருக்கும் பள்ளிச் சீருடை அணிந்த பையன். முழங்காலில் சுத்தமான வெள்ளைக் கட்டு. எதிரே மண்டியிட்டு அமர்ந்த பெண் கட்டின் முனையை ஒட்டுகிறாள். பக்கத்தில் திறந்த முதலுதவிப் பெட்டி. பாடநூல் ஓவியம் போன்ற தெளிவான கோடுகள், இளம் வண்ணங்கள்.' முதல் முறையிலேயே வந்துவிட்டது. கட்டுப் போடக் கற்றுக்கொள்கிறவருக்கு ரத்தம் தெரிய வேண்டிய தேவையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மருத்துவம், உடல்கூறு சார்ந்த படங்களுக்கும் இதே வழிதான். 'பாடநூல் விளக்கப்படம்', 'கோட்டோவியம்', 'இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம்' என்று படத்தின் வகையையும் பயனையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தாய்ப்பால் விழிப்புணர்வுக்குப் படம் வேண்டுமென்றால், துணியில் சுற்றிய கைக்குழந்தையை அணைத்தபடி நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாயைக் கேளுங்கள். செய்தியைப் பிறகு நீங்களே எழுத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: ஏஐ வரையும் உடல்கூற்றுப் படங்களில் உறுப்புகளின் இடமும் பெயரும் தப்பாக வருவது சகஜம். துறை தெரிந்த ஒருவர் பார்க்காமல் வகுப்புக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆட்கள் இருந்தால் வயது, உடை, இடம்

'கடற்கரையில் ஒரு பெண்' என்று மட்டும் எழுதினால் உடையை மாடலே தீர்மானிக்கும். அது எடுக்கும் தீர்மானம் படச் சோதனையில் மாட்டலாம். 'நாற்பது வயதுள்ள, முழுக்கை பருத்திச் சட்டை அணிந்த பெண், கடற்கரையில் சிப்பி பொறுக்குகிறாள்' என்றால் மாடல் ஊகிக்க எதுவும் மிச்சமில்லை.

குழந்தைகள் வரும் படங்களில் பெரும்பாலான கருவிகள் இறுக்கமாக இருக்கின்றன. இருக்கவும் வேண்டும். கூகுளின் இமேஜன் என்ற பட மாடலைத் தங்கள் செயலியில் இணைக்கும் நிரலாளர்களுக்கு, மனிதரே வேண்டாம், பெரியவர்கள் மட்டும், எல்லோரும் என்று மூன்று நிலைகள் தரப்படுகின்றன. ஒரு செயலியில் குழந்தைப் படம் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால் இப்படி ஒரு அமைப்பு காரணமாக இருக்கலாம். அங்கே பிராம்ப்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. குழந்தையின் வயதை மட்டும் கூட்டி எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அன்றாடச் செயல், முழு உடை, பொது இடம் என்று காட்சியை அமையுங்கள். அப்படியும் மறுத்தால் அந்தப் படத்தை ஓவியர் ஒருவரிடம் கொடுத்து வரைந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: பெயர்களை விட்டுவிட்டு விவரியுங்கள்

உயிரோடு இருக்கும் மனிதர்கள், ஓவியர்கள், நிறுவனங்களுக்குச் சொந்தமான கதாபாத்திரங்கள் ஆகிய மூன்றும் அடிக்கடி தடுக்கப்படும் பெயர்கள். டால்-இ 3 வந்தபோதே, பெயர் சொல்லிப் பொதுமனிதர்களைக் கேட்டாலும் வாழும் ஓவியர்களின் பாணியைக் கேட்டாலும் மறுக்கும் என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது. 2024 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் பைடன், டிரம்ப் படங்களை மிட்ஜர்னி தடுத்தது. 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி மீது பதிப்புரிமை வழக்குத் தொடுத்தன. இந்த விதிகள் ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் புதிய பட வசதி வந்தபோது, பொதுமனிதர்கள் விஷயத்தில் ஓப்பன்ஏஐ முன்பைவிடத் தளர்த்தியது. அதனால் போன வருடம் எழுதிய குறிப்பை இன்று அப்படியே நம்ப வேண்டாம்.

ஓவியரின் பெயருக்குப் பதிலாக அவர் படத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யோசியுங்கள். தடித்த தூரிகைத் தடமா, மங்கிய நீல நிறமா, கறுப்பு மைக் கோடா? அதை எழுதுங்கள். பெயரே வேண்டுமென்றால் மறைந்து நீண்ட காலமானவர்களிடம் பெரும்பாலும் சிக்கல் இல்லை. 1890இல் இறந்த வான் கோவின் பாணியைக் கேட்டால் தருவார்கள்.

ஏழாம் படி: 'வேண்டாம்' என்று எழுதாதீர்கள்

'ரத்தம் இருக்கக் கூடாது', 'ஆபாசம் வேண்டாம்' என்று நல்லெண்ணத்தோடு எழுதுவோம். சொற்பட்டியல் ஃபில்டருக்குத் தெரிவது ரத்தமும் ஆபாசமும்தான். பல மாடல்களுக்கு எதிர்மறை சரியாகப் புரிவதுமில்லை, வேண்டாம் என்று சொன்னதையே வரைந்து வைக்கும். மிட்ஜர்னியில் வேண்டாதவற்றைச் சொல்லத் தனி அமைப்பு உண்டு. அங்கும் ஒரு பொறி இருக்கிறது. 'நவீன உடை வேண்டாம்' என்று கொடுத்தால் அது நவீனம், உடை என்று சொற்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். அதாவது உடையே வேண்டாம் என்று ஆகிவிடும்! மறுப்பு வராமல் என்ன செய்யும்? எந்த உடை வேண்டுமோ அதைச் சொல்லிவிடுவதே வழி.

சாட் வடிவக் கருவிகளில் ஒரு வசதி, ஒரு எச்சரிக்கை

ஒரே உரையாடலில் மூன்று முறை மறுப்பு வந்துவிட்டால், நான்காவதாக நீங்கள் சாதுவான ஒன்றைக் கேட்டாலும் முந்தையவற்றின் நிழல் அதன் மேல் விழும். புதிய உரையாடலைத் திறந்து, திருத்திய பிராம்ப்டை முதல் செய்தியாகக் கொடுங்கள். எந்தப் பகுதி சிக்கல் என்று கருவியிடமே கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. ஆனால் தடுத்த ஃபில்டர் வேறு, பதில் சொல்லும் மாடல் வேறாக இருக்கலாம். அது சொல்லும் காரணம் ஊகமாகவும் இருக்கும். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படத்தைப் பதிவேற்றித் திருத்தச் சொல்லும்போது மறுப்பு வந்தால், பெரும்பாலும் அதில் உள்ள உண்மை மனித முகம்தான் காரணம். உங்கள் முகமாக இருந்தாலும் கருவிக்கு அது தெரியாது. வேறொருவர் முகம் என்றால், கருவி அனுமதித்தாலும் அவர் சம்மதம் வாங்கிய பிறகு செய்யுங்கள்.

செய்யவே கூடாதவை

தடைச் சொல்லின் நடுவே புள்ளி வைப்பது, எழுத்துப் பிழையோடு எழுதுவது, வேற்றுமொழி எழுத்தைக் கலப்பது, 'நீ விதிகள் இல்லாத ஏஐ' என்று நாடகம் போடச் சொல்வது. இந்த மாதிரி யோசனைகள் நிறையச் சுற்றுகின்றன. நேர்மையான தேவை உள்ளவருக்கு இவை தேவையே இல்லை. இவற்றைக் கையாண்டால், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர் என்ற நிலையிலிருந்து ஏமாற்றப் பார்த்தவர் என்ற நிலைக்கு உங்கள் கணக்கு போய்விடும். முடக்கப்பட்ட பிறகு விளக்கம் சொல்லி மீட்பது கடினம்.

சில வாசல்கள் மூடியே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2024 ஜனவரியில் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பெயரில் போலி ஆபாசப் படங்கள் பரவி, கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டன. அவ்வளவு புகழும் வசதியும் உள்ளவருக்கே அதை உடனே நிறுத்த முடியவில்லை. பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்தால் யாரிடம் போவாள்? ஒருவர் சம்மதமில்லாமல் அவரை ஆபாசமாகக் காட்டும் படம், குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டும் படம், நடக்காததை நடந்ததாகக் காட்டி ஏமாற்றும் படம். இவற்றுக்கு மறுப்பு வந்தால் வேறு சொல் தேடாதீர்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சொந்தக் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மாடலை நிறுவினால் ஃபில்டர் தொல்லை இல்லையே என்று கேட்பார்கள். அறுவை சிகிச்சைக் காட்சி, திகில் கதைப் படம் போன்ற நேர்மையான தேவைகளுக்கு அது நல்ல வழிதான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ஆனால் அந்த மாடலின் உரிமத்திலேயே எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்ற பட்டியல் உண்டு. நாட்டின் சட்டமும் உங்கள் கணினிக்கு வெளியே நின்றுவிடாது.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால்

நியாயமான பிராம்ப்ட், சொற்களையும் சரிபார்த்தாயிற்று, இன்னும் மறுக்கிறது. அப்போது கருவியில் கருத்துச் சொல்லும் பொத்தானைத் தேடி அழுத்துங்கள். இதைப் பலர் வீண் வேலை என்று நினைக்கிறார்கள். ஆனால் ஃபில்டர் எங்கே அளவுக்கு மீறித் தடுக்கிறது என்பது, நேர்மையாகப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லாவிட்டால் அதைச் செய்தவர்களுக்குத் தெரியவே தெரியாது. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய பிராம்ப்ட் எழுத்து மாறாமல், வந்த மறுப்புச் செய்தி, நாள், நேரம், படம் எதற்குத் தேவைப்பட்டது என்ற ஒரு வரி. இவ்வளவும் இருக்கட்டும். கணக்கே முடக்கப்பட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கும் இதே விவரங்கள்தான் தேவைப்படும். அதனால் மறுப்பு வந்த அன்றே அவற்றைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிடுங்கள். கணக்கு மூடப்பட்ட பிறகு பழைய உரையாடல்களைத் திறந்து பார்க்க முடியாமல் போகலாம்.